அளவுக்கு ஒரு கை

ஜெய்ஹிந்த்புரத்தில்
மாவு பிசையும் இயந்திரம் நின்றபிறகுதான்
நான் நினைப்பது எனக்கே கேட்கும்.
ராத்திரி ஒன்பதரை.
எங்கள் அப்பளக் கம்பெனியின் இணையக் கடையை
வெளிநாட்டுக்குத் திறக்கிற வேலை.

முதலில் படிவம்.
இன்ஷியல் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில்
சிவப்பு நட்சத்திரம்.
அப்பா பெயரின் முதலெழுத்து இல்லாமல்
யாரும் எங்களிடம் நூறு கிராம்கூட வாங்க முடியாதென்று
நான்கு வருஷமாக நிற்கிறது.
ஒருத்தரும் ஏன் என்று கேட்டதில்லை.
எடுத்தேன்.

பின்கோடு, ஆறு எண்.
துபாயில் அப்படி ஒன்று கிடையாதாம்.
போன மாசியில் அல் கூஸிலிருந்து ஒருவர்,
படிவம் விடமாட்டேன் என்றதும்,
எங்கள் முகவரியில் இருந்ததையே பார்த்து
625011 போட்டுவிட்டார்.
பதினெட்டு நாள் ஊர் சுற்றிய பெட்டி
நாலு முத்திரை குத்திக்கொண்டு
எங்கள் வாசலுக்கே வந்து இறங்கியது.
உள்ளே எல்லாம் தூள்.
அன்றைக்குப் பன்னிரண்டு பேருக்கும்
ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள அதுதான்.

பெயர் பெரிய தலைவலி.
லண்டனில் பாப்படம் என்று தேடுகிறார்கள்,
வடக்கே போனால் பாப்பட்.
அப்பளம் என்றே மேலே இருக்கட்டும்,
மற்றதெல்லாம் சின்ன எழுத்தில் அடியில் நிற்கட்டும்,
கல்யாணப் பத்திரிகையில்
பெரியப்பா சித்தப்பா பெயர்கள் நிற்பதுபோல.

'வெயிலில் ஒருமுறை காட்டிப் பொரிக்கவும்.'
இந்த வரியில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.
ட்ரம்சோ என்ற ஊரிலிருந்து சொல்வெய்க் எழுதினாள்:
இங்கே ஜனவரி நடுவில்தான் சூரியன் வரும்.
அதுவரை காத்திருக்கவா?

மறுநாள் மத்தியானம் மாடியில் போய் நின்றேன்.
மார்கழியிலும் பாயின் விளிம்பு சுட்டது.
வெயிலே இல்லாதவர்களுக்கு என்ன எழுதுவது?
கடைசியில்
'இளஞ்சூட்டு அடுப்பில் இரண்டு நிமிடம்'
என்று போட்டேன்.
பொய்ச் சாட்சி சொன்ன மாதிரி இருந்தது.

மறுபடி அவளே:
படத்தில் இருப்பது எவ்வளவு பெரிது?
வாழையிலைமேல் வைத்து எடுத்த படம்.
இலையையே பார்க்காதவளுக்கு
இலை எதற்கு அளவு?
ஐந்து ரூபாய்க் காசு வைத்தோம்.
அவள் அந்தக் காசையும் பார்த்ததில்லை.
பத்து சென்டிமீட்டர் என்று எழுதலாம்.
எண்ணைப் பார்த்து யாருக்குப் பசிக்கும்?

"கைய வைங்கக்கா" என்றாள் செல்வமேரி,
பாக்கிங் மேஜையிலிருந்து, நிமிராமல்.
என் கை படத்தில் வீங்கித் தெரிந்தது.
அவள் கையையே வைத்தோம்.
"மொகம் வராதுல்ல?"
வரவில்லை.
மணிக்கட்டுக்குக் கீழே இருந்த தழும்பு வந்தது.
அழித்துவிடவா என்று
படமெடுத்த நாகூர்கனி கேட்டான்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை. அப்படியே ஏறிவிட்டது.

தை பிறந்து இரண்டு வாரம் கழித்துக் கடிதம்:
பெட்டி வந்தது. இரண்டுதான் உடைந்திருந்தது.
நேற்று சூரியன் வந்தது, பத்து நிமிடம்.
ஜன்னலோரம் காட்டித்தான் பொரித்தேன்.
அப்புறம், தனி வரியில்:
அந்தக் கைக்கு என்ன ஆயிற்று?

வாசித்துக் காட்டினேன்.
செல்வமேரி டேப்பை இழுத்து
ஒரு பெட்டியை மூடினாள்.
இன்னொன்றையும்.
அது அப்பளச் சட்டி எண்ணெய் இல்லை என்று
இங்கே எல்லோருக்கும் தெரியும்.
எந்த வருஷம், யார் என்பதும்.

"ஒண்ணேகால் இஞ்சு இருக்கும்னு எழுதுங்கக்கா.
அத வச்சும் அளந்துக்கிறட்டும்."

எழுதினேன்.
அனுப்பும் முன்
இரும்பு ஸ்கேலை எடுத்து
அவளே வைத்துப் பார்த்தாள்.
ஒன்றரை.
திருத்தினேன்.